ஆறு வருடத் தொட்டி: இரண்டடியிலிருந்து நான்கடிக்கு மாற்றுவது எப்படி?

வடவள்ளிக்காரன் | ஜனவரி 5, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள மீன் தொட்டி ஒன்று எங்கள் வீட்டில் ஆறு வருடமாக இருக்கிறது. அதில் ஐந்து கோரிடோராஸ், ஒரு பிரிசில்நோஸ் பிளெக்கோ, நான்கு டெனிசன் பார்ப் மீன்கள். டெனிசன்களை வாங்கி வந்தபோது ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. இரண்டு வருடத்தில் நான்கு அங்குலத்தைத் தாண்டிவிட்டன. வாலை ஒருமுறை வீசினால் எதிர்க் கண்ணாடி வந்துவிடுகிறது, உடனே திரும்புகின்றன, மறுபடியும் கண்ணாடி. மாலையில் வேலை முடிந்து வந்து அதைப் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் முடியவில்லை.

நான்கடிக்கு ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, 10 மி.மீ. கண்ணாடியில் ஒரு தொட்டி செய்யச் சொல்லியிருக்கிறேன். தொட்டிக்கு வெளியே வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டர் வாங்கிவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று எண்ணம். காலையில் புதுத் தொட்டியில் போர் தண்ணீரை நிரப்பி ஆன்டிகுளோரின் விடுவேன். பழைய கற்களைக் கொட்டிவிட்டுப் புது மணல் போடுவேன். பழைய ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் குழாயடியில் அழுக்குப் போகக் கழுவி வைத்துக்கொள்வேன். மதியத்துக்குள் மீன்கள் இடம் மாறிவிடும். குழாயில் வரும் சிறுவாணித் தண்ணீர் எங்கள் தெருவுக்குச் சில நாட்களுக்கு ஒருமுறைதான் வருகிறது, அதனால்தான் போர் தண்ணீர். தவறு இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

கொளத்தூர்க்கடை | ஜனவரி 5, இரவு 9.58

தம்பி, ஸ்பாஞ்சைக் குழாயடிக்குக் கொண்டுபோகாதீர்கள். மற்றதைப் பிறகு பேசுவோம். ஆறு வருடம் உங்கள் மீன்களைக் காப்பாற்றியது அந்த ஸ்பாஞ்சில் இருக்கும் உயிர்கள்தான். தொட்டியிலிருந்து ஒரு வாளி தண்ணீர் எடுத்து, அதற்குள் இரண்டு முறை பிழிந்தால் போதும்.

பழைய கற்களைத் தாராளமாகக் கொட்டலாம். கோரிடோராஸ் முகவாயை மணலில் புதைத்து இரை தேடும் மீன், கூரான சரளையில் அதன் மீசை தேய்ந்துபோகும். மணல் நல்ல முடிவு.

போர் தண்ணீருக்கு எதற்கு ஆன்டிகுளோரின்? அதில் யாரும் குளோரின் கலப்பதில்லையே.

உயிரியல் ஆசிரியர் | ஜனவரி 5, இரவு 10.45

மேலே நண்பர் சொன்னதைச் சற்று விரித்துச் சொல்ல ஆசைப்படுகிறேன். தொட்டியை மாற்றும் பலர் மீன், கல், செடி, தண்ணீர் எல்லாவற்றையும் பத்திரமாகக் கொண்டுபோகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பழைய வீட்டிலேயே விட்டுவிடுகிறார்கள்.

மீனின் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும் அமோனியா ஓயாமல் வெளியேறுகிறது. அதை நைட்ரைட்டாக்க ஒரு கூட்டம், நைட்ரைட்டை நைட்ரேட்டாக்க இன்னொரு கூட்டம் என்று நுண்ணுயிர்கள் இருக்கின்றன. நைட்ரைட்டை உண்பது நைட்ரோபாக்டர் என்று நீண்ட காலம் எழுதிவந்தார்கள். நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று 1998இல் வெளியான ஆய்வு காட்டியது. இவை தண்ணீரில் மிதந்து திரிவதில்லை, எதையாவது பற்றிக்கொண்டுதான் வாழ்கின்றன. ஸ்பாஞ்சின் துளைகள், கல்லின் முதுகு, மரக்கட்டை, கண்ணாடி ஓரம் என்று பரப்பு கிடைக்கும் இடமெல்லாம் படலமாக ஒட்டியிருக்கும். வளர்வதோ மிக மெதுவாக. வயிற்றுப்போக்குக் கிருமி இருபது நிமிடத்தில் இரட்டிக்கும், இவற்றுக்கு ஒரு நாளோ அதற்கு மேலோ வேண்டும். அழித்துவிட்டால் மீண்டும் உருவாக வாரக்கணக்கில் ஆகும் என்பது இதனால்தான்.

ஆகவே அடுத்த ஞாயிறு வேண்டாம். புது கேனிஸ்டரின் இரண்டு குழாய்களையும் நாளைக்கே பழைய தொட்டியில் விடுங்கள். வேகம் அதிகமாக இருந்தால் வெளிக்குழாயின் வால்வைப் பாதி மூடுங்கள். நான்கு வாரம் ஓடட்டும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஃபில்டர் இரண்டானதால் நுண்ணுயிர் இரட்டிப்பாகாது. கிடைக்கும் அமோனியா அதே அளவுதான், அது இரண்டு இடத்துக்குப் பங்கு போகும். மாற்றும் நாளில் கேனிஸ்டர், ஸ்பாஞ்ச் இரண்டுமே புதுத் தொட்டிக்குப் போக வேண்டும்.

அடையாறு மீன்பிரியன் | ஜனவரி 6, காலை 7.15

இவ்வளவு யோசிக்க வேண்டுமா? நாங்கள் போன வருடம் காலையில் ஆரம்பித்து மதியம் முடித்தோம். புதுத் தண்ணீர், புதுக் கல், அதே மீன். ஒன்றும் ஆகவில்லை.

மீன்தோழி | ஜனவரி 6, காலை 8.30

அடையாறு நண்பரே, உங்கள் பழைய தொட்டிக்கு அப்போது எத்தனை மாதம்? தண்ணீர் மாற்றும் வழக்கம் இருந்ததா? வாராவாரம் மாற்றிவந்திருந்தால் பழைய தண்ணீரும் புதுத் தண்ணீரும் ஒன்றுபோல்தான் இருந்திருக்கும், மீனுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. ஆறு வருடத் தொட்டியின் கதை வேறு.

வடவள்ளித் தம்பி, மூன்று கேள்விகள். எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு தண்ணீர் மாற்றுவீர்கள்? எந்தத் தண்ணீர்? சோதனை மருந்து வாங்கி அளந்ததுண்டா? இதற்குப் பதில் வரும்வரை ஒரு குவளைத் தண்ணீர்கூட மாற்றாதீர்கள்.

அடையாறு மீன்பிரியன் | ஜனவரி 6, காலை 9.05

எட்டு மாதத் தொட்டி. வாரம் கால்பங்கு மாற்றுவோம். நீங்கள் கேட்டதன் காரணம் இப்போது புரிகிறது அக்கா.

வடவள்ளிக்காரன் | ஜனவரி 8, இரவு 9.10

கேனிஸ்டரைப் பழைய தொட்டியில் மாட்டிவிட்டேன். அக்கா கேட்டதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் வருத்தமாக இருக்கிறது. முதல் இரண்டு வருடம் ஒழுங்காக மாற்றிக்கொண்டிருந்தேன். பிறகு வற்றிய அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றுவதும், மாதம் ஒருமுறை அரை வாளி மாற்றுவதும் என்று சுருங்கிவிட்டது. ஊற்றியதெல்லாம் சிறுவாணித் தண்ணீர். மீன்கள் நன்றாகத்தானே இருக்கின்றன என்ற நம்பிக்கை.

சோதனை மருந்துகள் வாங்கி நேற்று அளந்தேன். பழைய தொட்டியில் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அட்டையின் கடைசி நிறமான 6.0, ஒருவேளை அதற்கும் கீழே. கார்பனேட் கடினத்தன்மை ஒரே சொட்டில் நிறம் மாறிவிட்டது, அதாவது 1 டிகிரிகூட இல்லை. அமோனியா 1 பி.பி.எம். நைட்ரைட் பூஜ்யம். நைட்ரேட் 80க்கு மேல், சிவப்பு அடர்ந்து நிற்கிறது.

குழாயில் வரும் நல்ல தண்ணீரில் பி.எச். 7, கடினத்தன்மை 1. போர் தண்ணீரில் எடுத்தவுடன் பி.எச். 7.4, ஒரு நாள் காற்றுக்குமிழி ஓடவிட்டபின் 8.2, கடினத்தன்மை 15.

அமோனியா 1 இருந்தும் மீன்கள் எப்படி உயிரோடு இருக்கின்றன?

உயிரியல் ஆசிரியர் | ஜனவரி 8, இரவு 11.20

இந்த எண்களை நீங்கள் எடுத்தது மிகப் பெரிய காரியம். ஞாயிற்றுக்கிழமை உங்கள் திட்டப்படி செய்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை இவை அப்படியே சொல்கின்றன.

அமோனியாவை உண்ணும் நுண்ணுயிர்கள் வேலை செய்யும்போது அமிலம் சுரக்கிறது. ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனை மாற்ற ஏறக்குறைய 7 மில்லிகிராம் காரத்தன்மை, அதாவது நீங்கள் அளந்த கார்பனேட், செலவாகிறது. தண்ணீர் மாற்றும்போதுதான் அந்தக் காரத்தன்மை மறுபடி உள்ளே வரும். சிறுவாணித் தண்ணீர் குடிக்க அமிர்தம், ஆனால் அது மிக மென்மையான தண்ணீர், கொடுப்பதற்கு அதனிடம் கார்பனேட் அதிகம் கிடையாது. இருந்த கொஞ்சமும் தீர்ந்ததும் பி.எச். சரிந்தது. பி.எச். 6 பக்கம் வந்தால் நுண்ணுயிர்கள் மந்தமாகிவிடும். அதனால்தான் அமோனியா மிஞ்சி நிற்கிறது.

மீன்கள் ஏன் சாகவில்லை? தண்ணீரில் இது இரண்டு வடிவத்தில் இருக்கிறது. ஒன்று செவுளை எரிக்கும் அமோனியா, மற்றது அவ்வளவாகத் தீங்கு செய்யாத அமோனியம். உங்கள் சோதனை மருந்து இரண்டையும் சேர்த்துத்தான் காட்டுகிறது. 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 6 என்றால் மொத்தத்தில் 10,000க்கு 6 பங்கு மட்டுமே நச்சு வடிவம். பி.எச். 8 என்றால் 100க்கு 5 பங்குக்கு மேல். ஏறக்குறைய நூறு மடங்கு.

இப்போது ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பாருங்கள். மீன்களைப் பழைய தண்ணீரோடு வாளியில் எடுத்துவைத்து, பழக்குவதற்காகப் போர் தண்ணீரைக் குவளை குவளையாக விடுவீர்கள். நல்லெண்ணத்தோடு செய்யும் அந்த வேலையிலேயே பி.எச். ஏறி, அமோனியமாக அடங்கிக்கிடந்தது அமோனியாவாகிவிடும். அந்த வாளியைத் தாண்டிய மீனுக்கு அடுத்தது, உப்புச்சத்து பல மடங்கு கூடிய தண்ணீரில் உடல் தன் நீர்ச்சமநிலையை ஒரு மணி நேரத்தில் மாற்றிக்கொள்ள வேண்டிய நெருக்கடி. அதையும் தாண்டினால், மந்தமாகிக் கிடக்கும் ஃபில்டர். மறுநாள் காலையில் மீன்கள் செத்துக் கிடந்தால் புதுத் தொட்டிதான் ராசியில்லை என்பார்கள்.

மீன்தோழி | ஜனவரி 9, காலை 6.50

ஆசிரியர் சொன்னதில் ஒரு சொல்கூடக் கூடுதல் இல்லை. இருபது வருடத்துக்கு முன் இப்படித்தான் என் ஏஞ்சல் மீன் ஜோடியை இழந்தேன். சுத்தமான தண்ணீர் தருகிறோம் என்ற மகிழ்ச்சியோடு முக்கால் தொட்டித் தண்ணீரை ஒரே நாளில் மாற்றினேன். இரவு பதினொரு மணிக்கு இரண்டும் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடியதை இன்றும் மறக்க முடியவில்லை. அதனால் சொல்கிறேன், முதலில் பழைய தொட்டியைக் குணப்படுத்துங்கள். இடம் மாற்றுவது அதற்குப் பிறகு.

இரண்டு நாளுக்கு ஒருமுறை ஐந்து லிட்டர் மட்டும் மாற்றுங்கள். உங்கள் தொட்டி கணக்குப்படி 56 லிட்டர், கல்லும் கட்டையும் போக 45 லிட்டர் தண்ணீர் இருக்கலாம். ஆக ஒவ்வொரு முறையும் ஒன்பதில் ஒரு பங்கு. முதல் வாரம் வெறும் நல்ல தண்ணீர். இரண்டாவது வாரத்திலிருந்து மூன்று பங்கு நல்ல தண்ணீருக்கு ஒரு பங்கு போர் தண்ணீர் கலந்து விடுங்கள். நீங்கள் தந்த எண்ணை வைத்துப் பார்த்தால் கலவையின் கடினத்தன்மை நாலரை டிகிரி வரும். உங்கள் மீன்கள் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும், பி.எச். மறுபடி சரியாமலும் தாங்கும். புதுத் தொட்டிக்கும் இதே கலவைதான். முழுப் போர் தண்ணீர் டெனிசனுக்குத் தேவையில்லை, அது மலையோடையில் பிறந்த மீன்.

தண்ணீர் எடுக்கும்போது சைஃபன் குழாயின் வாயைக் கற்களுக்குள் குத்தி அழுக்கை உறிஞ்சுங்கள். ஒரு தடவைக்கு ஒரு உள்ளங்கை அகலம் மட்டும். மொத்தத்தையும் ஒரே நாளில் கிளறினால் ஆறு வருடக் கசடு ஒன்றாக எழுந்துவிடும்.

சிராங்கூன் வாசி | ஜனவரி 9, காலை 10.30

சிங்கப்பூரிலிருந்து ஒரு குறிப்பு. எங்கள் குழாய்த் தண்ணீரில் இருப்பது வெறும் குளோரின் அல்ல, குளோரினும் அமோனியாவும் சேர்ந்த குளோரமைன். ஓர் இரவு திறந்து வைத்தால் போய்விடும் என்று ஊரில் பழகியதை இங்கே செய்தால் ஆபத்து, அது போகாது. வெறும் தயோசல்ஃபேட் மருந்து விட்டால் குளோரின் நீங்கும், கூடவே இருந்த அமோனியா தண்ணீரில் தங்கிவிடும். இதைப் படிக்கும் வெளிநாட்டு நண்பர்கள் தங்கள் ஊர்த் தண்ணீரில் என்ன கலக்கிறார்கள் என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தச்சன்மகன் | ஜனவரி 9, இரவு 8.15

எல்லோரும் மீனைப் பற்றியே பேசுகிறீர்கள், நான் எடையைப் பற்றிப் பேசுகிறேன். நான்கடிக்கு ஒன்றரைக்கு ஒன்றரை என்றால் விளிம்புவரை 255 லிட்டர். இரண்டங்குலம் குறைத்து நிரப்பினாலும் தண்ணீர் மட்டும் 220 கிலோவுக்குக் குறையாது. 10 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 25 கிலோ, உங்கள் தொட்டிக்கு இரண்டு சதுர மீட்டருக்கு மேல் கண்ணாடி போகிறது, அது 50 கிலோ. மணல் 40 கிலோ. ஸ்டாண்டையும் சேர்த்தால் 350 கிலோவைத் தாண்டும். வீடு தரைத்தளமா, மாடியா?

வடவள்ளிக்காரன் | ஜனவரி 9, இரவு 8.40

முதல் மாடி. கான்கிரீட் தளம். கூடத்தின் நடுச் சுவரையொட்டி, ஜன்னலுக்குக் கீழே வைக்க நினைத்தேன்.

தச்சன்மகன் | ஜனவரி 9, இரவு 9.20

குடியிருப்பு அறைகளுக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ பாரம் என்று கணக்கிட்டுத்தான் நம் நாட்டில் தளம் வடிவமைக்கிறார்கள். அது அறை முழுக்கப் பரவும் பாரத்துக்கான கணக்கு. உங்கள் தொட்டி அரை சதுர மீட்டருக்குச் சற்று அதிகமான இடத்தில் 350 கிலோவை இறக்குகிறது. உடனே இடிந்துவிடும் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் தளத்தின் நடுவில் வைக்கக் கூடாது. அடியில் பீம் ஓடும் சுவரையோ, கீழ்வீட்டுச் சுவருக்கு நேர்மேலுள்ள சுவரையோ பார்த்து, நீளப்பக்கத்தை அதையொட்டி வையுங்கள். வீட்டைக் கட்டிய பொறியாளரிடம் வரைபடத்தைக் காட்டிக் கேட்டுவிடுவது நல்லது. ஜன்னலுக்குக் கீழே வேண்டாம், வெயில் விழுந்தால் பாசியும் படரும், ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீரும் கொதிக்கும்.

ஸ்டாண்டின் மேல் 18 மி.மீ. பிளைவுட், அதன்மேல் தெர்மாகோல், பிறகு தொட்டி. கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவலை வாங்கி நான்கு மூலையும் பாருங்கள். கால் உயரம் கூடக்குறைய இருந்தால் காலுக்கு அடியில் தகடு வைத்துச் சரிசெய்யுங்கள், தொட்டிக்கு அடியில் எதையும் செருகாதீர்கள். சிலிக்கான் ஒட்டி ஒரு வாரமாவது போன பிறகு, வினிகர் வாடை முழுக்க நின்றதும், வீட்டுக்குள் கொண்டுவருவதற்கு முன் மொட்டைமாடியிலோ முற்றத்திலோ நிரப்பி மூன்று நாள் வையுங்கள். அங்கேயும் அடித்தளம் சமமாக இருக்க வேண்டும்.

வடவள்ளிக்காரன் | ஜனவரி 26, மாலை 5.30

பதினேழு நாள் ஆகிவிட்டது. பழைய தொட்டியில் இன்று பி.எச். 6.8, கடினத்தன்மை 3, அமோனியா 0.25, நைட்ரேட் 40 பக்கம். கோரிடோராஸ் ஐந்தும் பகலிலேயே வெளியே வந்து மேய்கின்றன. இத்தனை நாளும் அவை கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் பிடிக்காமல் பதுங்கிக் கிடந்திருக்கின்றன.

பொறியாளர் வந்து பார்த்தார். ஜன்னல் வேண்டாம், கீழ்வீட்டுச் சமையலறைச் சுவருக்கு நேர்மேல் வைக்கச் சொன்னார். டியூப் லெவலில் இடது முன்கால் 4 மி.மீ. தாழ்வு, தகடு வைத்துவிட்டேன். தொட்டி கசியவில்லை.

மீன்தோழி | ஜனவரி 26, மாலை 6.10

படிக்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது தம்பி. அமோனியா பூஜ்யத்துக்கு வரட்டும், பி.எச். ஏழைத் தொடட்டும். இன்னும் இரண்டு வாரம்.

உயிரியல் ஆசிரியர் | ஜனவரி 26, இரவு 7.45

காத்திருக்கும் நேரத்தில் உங்கள் டெனிசன்களைப் பற்றி ஒரு தகவல். இந்த மீனை அறிவியலுக்கு 1865இல் விவரித்தவர் பிரான்சிஸ் டே, சென்னை மாகாணத்தில் மருத்துவராக இருந்தவர். அப்போது சென்னை ஆளுநராக இருந்த வில்லியம் டெனிசனின் பெயரை அதற்கு வைத்தார். மீன் பிடிபட்டது கேரளப் பக்கத்து முண்டக்கயத்தில். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. அலங்கார மீன் வணிகத்துக்காக அளவுக்கு மீறிப் பிடித்ததும் ஆறுகள் கெட்டதும் சேர்ந்து இன்று அழியும் ஆபத்தில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. ஆறங்குலம்வரை வளரும், கூட்டமாக ஓடும் மீன். நான்கடி உங்கள் வீட்டுக்குப் பெரிது, அதற்கு அது குறைந்தபட்சம்.

வடவள்ளிக்காரன் | பிப்ரவரி 9, இரவு 10.15

இன்று மாற்றிவிட்டேன். உடம்பெல்லாம் வலி. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

தண்ணீரைத்தான் முதலில் சேர்த்தேன். நல்ல தண்ணீர் வந்த மூன்று நாட்களிலும் பிடித்து நீல டிரம்மில் 130 லிட்டர் நிரப்பி, அதோடு 40 லிட்டர் போர் தண்ணீர் கலந்து, ஆன்டிகுளோரின் விட்டு, நேற்று முழுக்கக் காற்றுக்குமிழி ஓடியது. அதே அறையில் வைத்ததால் வெப்பமும் ஒன்றாகிவிட்டது. நேற்று மீன்களுக்குத் தீனி இல்லை.

காலை ஏழு மணிக்குக் கற்களைக் கலக்கும் முன்பே மேல் தண்ணீரைத் தெளிவாக உறிஞ்சி, சோப்புப் படாத புது பிளாஸ்டிக் டப்பில் 35 லிட்டர் சேர்த்தேன். கேனிஸ்டரின் இரண்டு குழாய்களையும் அந்த டப்பிலேயே விட்டு ஓடவைத்தேன், ஸ்பாஞ்சும் அதிலேயே. இடையில் பத்து நிமிடம்தான் ஃபில்டர் நின்றது. தண்ணீர் நான்கு விரல் உயரத்துக்கு இறங்கியதும் மீன் பிடிப்பது எளிதாக இருந்தது. கோரிடோராஸின் துடுப்பு முள் வலையில் சிக்கும் என்று படித்திருந்ததால் கண்ணாடிப் பாத்திரத்தில் ஓட்டிப் பிடித்தேன். டெனிசன் ஒன்று டப்பிலிருந்து துள்ளித் தரையில் விழுந்தது. ஈரத் துண்டு கையிலேயே இருந்ததால் உடனே எடுத்துப் போட்டுவிட்டேன், அதன்பின் டப்பை மூடியே வைத்தேன்.

பிளெக்கோ மட்டும் காணவில்லை. கட்டையைத் தூக்கிப் பார்த்தேன், அடியில் இல்லை. கட்டைக்கு நடுவே இருந்த பொந்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தபோது, முள்ளை விரித்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டு உள்ளே இருந்தது. இழுத்தால் துடுப்பு கிழியும். கட்டையோடு அப்படியே டப்புக்குள் இறக்கிவிட்டேன்.

கற்களை அள்ளியதைச் சொல்ல வேண்டும். பின்மூலையில், கட்டை இருந்த இடத்துக்கு அடியில், கல்லெல்லாம் கரி பூசியதுபோல் கறுத்திருந்தது. அள்ளியதும் அழுகிய முட்டை வாடை கூடம் முழுக்கப் பரவியது. ஒரு மாதமாக அழுக்கை உறிஞ்சியும் அந்த மூலைக்கு என் குழாய் போகவேயில்லை. மீன்கள் உள்ளே இருக்கும்போது அதைக் கிளறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. கலங்கிய தண்ணீர் முழுக்கக் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் போனது. நல்ல கற்களில் இரண்டு கைப்பிடி மட்டும் வலைப்பையில் கட்டிப் புதுத் தொட்டியில் வைத்தேன், மீதியைக் கொட்டிவிட்டேன்.

மணலைக் கழுவத்தான் அதிக நேரம் பிடித்தது. ஒரு பீங்கான் தட்டை மணல்மேல் வைத்து அதன்மேல் தண்ணீரை ஊற்றியதால் கலங்கவில்லை. அனுபியாஸ் செடிகளைப் புதைக்காமல் கட்டையிலேயே கட்டிவிட்டேன். பழைய தண்ணீர் 35 லிட்டரும் உள்ளே போனது. மதியம் ஒன்றரைக்கு மீன்கள் உள்ளே. விளக்குப் போடவில்லை.

மாலை ஆறு மணிவரை டெனிசன்கள் நான்கும் இடது மூலையிலேயே, பழைய தொட்டியின் அகலத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தன. இரண்டடி தாண்டியதும் அங்கே கண்ணாடி இருப்பதுபோல் திரும்பின. ஏழு மணி இருக்கும், ஒன்று அந்த இடத்தைத் தாண்டிப் போனது. மற்ற மூன்றும் பின்னாலேயே போயின. என் மகள் கைகொட்டினாள், நான் பேசாமல் நின்றுகொண்டிருந்தேன்.

மீன்தோழி | பிப்ரவரி 9, இரவு 10.40

கண் நிறைந்துவிட்டது தம்பி. இனி இரண்டு வாரம் தினமும் அமோனியாவும் நைட்ரைட்டும் அளந்து எழுதுங்கள். தீனி ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதுவும் பாதி.

வடவள்ளிக்காரன் | பிப்ரவரி 14, காலை 6.20

உதவி வேண்டும். அமோனியா புதன்கிழமை 0.25. இன்று அமோனியா பூஜ்யம், ஆனால் நைட்ரைட் 0.5. இரண்டு ஃபில்டரையும் கொண்டுவந்தும் ஏன்? மீன்கள் வேகமாக மூச்சுவிடுகின்றனவா அல்லது எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா என்று தெரியவில்லை.

உயிரியல் ஆசிரியர் | பிப்ரவரி 14, காலை 6.45

பதறாதீர்கள். நைட்ரைட் செவுள் வழியாக இரத்தத்துக்குள் போய், ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைச் செயலிழக்கச் செய்யும். இரத்தம் பழுப்பாகிவிடும். நைட்ரைட் உள்ளே நுழையும் அதே வாசலைக் குளோரைடும் பயன்படுத்துகிறது. தண்ணீரில் குளோரைடு மிகுதியாக இருந்தால் நைட்ரைட்டுக்கு இடம் கிடைக்காது. உங்கள் போர் தண்ணீரில் ஏற்கெனவே கொஞ்சம் இருக்கும். இருந்தாலும் 25 கிராம் கல்லுப்பைத் தனியே கரைத்து, ஒரு மணி நேரத்தில் சிறிது சிறிதாக விடுங்கள். 200 லிட்டருக்கு இது மிகக் குறைந்த அளவு, கோரிடோராஸ் தாங்கும். அதே கலவைத் தண்ணீரில் 40 லிட்டர் இன்று மாற்றுங்கள். காற்றுக்குமிழியைக் கூட்டுங்கள். இன்று தீனி வேண்டாம்.

கொளத்தூர்க்கடை | ஜனவரி 5 பதிவை மேற்கோள் காட்டி | பிப்ரவரி 14, காலை 7.30

இதில் என் பங்கும் இருக்கிறது. கற்களைத் தாராளமாகக் கொட்டலாம் என்று சொன்னவன் நான்தான். எங்கள் கடைத் தொட்டிகளில் கல்லே இருக்காது, ஸ்பாஞ்ச் மட்டும்தான், அந்த அனுபவத்தில் சொல்லிவிட்டேன். உங்கள் தொட்டியில் ஆறு வருடம் கல்லும் பாதி வேலையைச் செய்திருக்கும். நான்கைந்து வலைப்பைகளில் கட்டி ஒரு மாதம் உள்ளே வைக்கச் சொல்லியிருக்க வேண்டும். கறுத்த மூலையை மட்டும் கொட்டியிருந்தால் போதும். மன்னித்துக்கொள்ளுங்கள் தம்பி. கொட்டிய கல் எங்கே? இன்னும் ஈரமாக இருக்கிறதா?

வடவள்ளிக்காரன் | பிப்ரவரி 14, காலை 8.05

மன்னிப்பெல்லாம் எதற்கு அண்ணா, முதல் நாள் இரவே ஸ்பாஞ்சைக் காப்பாற்றியது நீங்கள்தானே. கல் மொட்டைமாடியில் ஐந்து நாளாக வெயிலில் கிடக்கிறது. உப்பு விட்டாயிற்று. தண்ணீர் மாலையில் மாற்றுகிறேன்.

கொளத்தூர்க்கடை | பிப்ரவரி 14, காலை 8.20

காய்ந்த கல்லில் இனி ஒன்றும் இருக்காது. விட்டுவிடுங்கள். உங்கள் பக்கத்தில் ஆரோக்கியமான பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால், அவருடைய ஸ்பாஞ்சை அவர் தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்து, அந்தக் கசடை ஒரு குவளை கேட்டு வாங்கிக் கேனிஸ்டர் உறிஞ்சும் இடத்தில் ஊற்றுங்கள். அவர் மீன்களுக்கு நோய் எதுவும் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும்.

வடவள்ளிக்காரன் | பிப்ரவரி 15, இரவு 9.30

நைட்ரைட் 0.25. அப்படி ஒரு நண்பர் கிடைக்கவில்லை, தண்ணீர் மட்டும் மாற்றினேன்.

வடவள்ளிக்காரன் | பிப்ரவரி 23, மாலை 6.40

நான்கு நாளாக அமோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம். நைட்ரேட் 20. பி.எச். 7.4, கடினத்தன்மை 4. ஒரு மீனும் போகவில்லை. பிளெக்கோ நேற்று இரவுதான் பொந்தைவிட்டு முழுதாக வெளியே வந்து முன்கண்ணாடியில் ஒட்டியது.

இரண்டு கேள்விகள். டெனிசன்களை ஆறாக்க விருப்பம், எப்போது வாங்கலாம்? பழைய இரண்டடித் தொட்டியைப் பக்கத்து வீட்டில் கேட்கிறார்கள், கொடுத்துவிடலாமா?

மீன்தோழி | பிப்ரவரி 23, இரவு 7.15

கொடுக்காதீர்கள். புது டெனிசன்கள் மூன்று வாரம் அதில்தான் தனியாக இருக்க வேண்டும். ஸ்பாஞ்சைப் புதுத் தொட்டியிலேயே விட்டுவைத்து, மீன் வாங்கும் அன்று எடுத்து அந்தத் தொட்டியில் போடுங்கள். மார்ச் கடைசிவரை பொறுங்கள். வாங்கும்போது ஆற்றில் பிடித்ததா, பண்ணையில் வளர்ந்ததா என்று கேட்டு, பண்ணை மீனாகவே வாங்குங்கள். வாரம் 40 லிட்டர் மாற்றுவதை நிறுத்திவிடாதீர்கள்.

தச்சன்மகன் | பிப்ரவரி 23, இரவு 8.00

மூடிக்கும் குழாய்க்கும் நடுவே இடைவெளி எவ்வளவு இருக்கிறது? நான்கடி ஓடி வேகமெடுக்கும் மீன் அது.

வடவள்ளிக்காரன் | பிப்ரவரி 23, இரவு 8.25

அளந்து பார்த்தேன், மூன்று விரல் அகலம். இப்போதைக்குக் கொசுவலையை மடித்துக் கட்டிவிட்டேன். நாளைக்குக் கண்ணாடிக்கடைக்குப் போகிறேன்.